பாய் குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி

மயிலாப்பூர்த் தையற்கடை பாயின் பெயரை நான் கேட்டதே இல்லை. வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி, உதட்டிடுக்கில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள். எதைக் கேட்டாலும் "ம்" தான்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வரப்போகும் பார்லிமெண்டைப் பற்றி வாசகசாலையில் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் உளறினாலும் கோட்டாவது கௌரவமாக நிற்கட்டும் என்று அவரிடம் அளவு கொடுக்கப் போனேன். அங்கேயே ஒத்திகையும் பார்த்தேன்.

"இரண்டு சபை. மேல்சபைக்கு மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் ஆள் தேர்ந்தெடுப்பார்கள். கீழ்ச்சபைக்கு நாம் எல்லோரும் நேராக ஓட்டுப் போடுவோம்."

பாய் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"எல்லாரும்னா இன்னா சார்? முஸ்லிம்னு எங்களுக்குத் தனித் தொகுதி இருந்துச்சே, அது இன்னும் கீதா?"

"இல்லை பாய். இனி எல்லோருக்கும் ஒரே தொகுதி, ஒரே வரிசை."

"எதிர்த்த ஜவுளிக்கடை அண்ணாச்சியும் நானும் ஒரே வரிசைலயா?"

"ஆமாம்."

"அவரு பூந்து முன்னால போயிடுவாரு சார்!"

சிரித்தவர், குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைக்க மறந்துவிட்டார்.

கூட்டத்தன்று மேடையேறியதும் இரண்டு சபைகளும் என் தலையிலிருந்து வெளிநடப்புச் செய்தன. தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரே வரிசை சார்! அங்கேர்ந்து சொல்லுங்க!"

பாய்தான். பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி கைதட்டினார். அங்கிருந்தே தொடங்கினேன், பேச்சு வந்துவிட்டது.

பாய் என் பேச்சைக் கேட்க வந்தாரா, கோட்டின் தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தாரா, இன்றுவரை தெரியவில்லை. அன்று அவர் வாயில் குண்டூசி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.