டொய்ங்

ஒரே மெட்டைத்தான் எங்கள் இருவருக்கும் கொடுத்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில் புகுந்து கடலைச் செடியைத் திருட்டுத்தனமாக மேய்ந்துவிட்டு, விரட்டுகிறவர்களிடமிருந்து தப்பி ஓடும் ஓர் ஆடு. அதுதான் அந்த செல்போன் விளையாட்டு. மெட்டு சென்னைக் கம்பெனியுடையது, ஒரு சுரத்தைக்கூட மாற்றக் கூடாது. எந்தெந்த வாத்தியத்தில் அது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் எங்கள் வேலை. இரண்டில் எது பிடிக்கிறதோ அதையே முகப்பு இசையாக வைத்துக்கொள்வார்கள்.

மற்றவன் திண்டிவனத்துக்காரன். கல்யாணக் கச்சேரிகளில் நான் முன்னால் நின்று கீபோர்டு வாசிப்பேன், அவன் பின்னால் உட்கார்ந்து ரிதம் பேட் தட்டுவான். அவனுக்குக் கல்யாணியும் தெரியாது, காம்போதியும் தெரியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரலில் ஒரு சுகம் தட்டுகிறதாம். என் மனைவி சொல்வாள்.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மெட்டை வீணைக்குக் கொடுத்தேன். அதற்கு அடியில் செல்லோ, அதற்கும் அடியில் டபுள் பாஸ். ஆடு வேலியைத் தாண்டும் இடத்தில் வயலின் கூட்டமே எழுந்து நிற்கும். முடித்துவிட்டுக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

இதை அவனுக்குப் போட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவன் பாராட்ட வேண்டும் என்றில்லை, அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். ஏதோ வேலையாக விழுப்புரம் வந்தவன் ஊர் திரும்பிய பாசஞ்சரில் நானும் ஏறிக்கொண்டேன். ஹெட்போனை நீட்டினேன். வாங்கவில்லை, போனிலேயே போடச் சொன்னான். போட்டேன். ரயில் இரைச்சலில் வீணை கொசு மாதிரி கேட்டது. செல்லோவும் பாஸும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். "நல்லாத்தான் பண்ணிக்கீற. ஆனா ஆடு ஓடுதுடா. நீ தேர் இழுத்துக்கினு இருக்க."

பிறகு தன்னுடையதைப் போட்டான். ஒரு புல்லாங்குழல், ஒரு மோர்சிங், அவ்வளவுதான். ஆடு குதிக்கும் இடத்திலெல்லாம் குழல் நின்றுவிடும், மோர்சிங் மட்டும் 'டொய்ங்' என்னும். எதிர் சீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு, "இன்னொரு தபா வை கண்ணு" என்றாள். அவன் வைத்தான். எனக்கு அந்த அம்மாள் மீதும் கோபம் வந்தது. திண்டிவனத்தில் இறங்கியதும் டீ சாப்பிடக் கூப்பிட்டான், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கம்பெனி அவனுடையதையே எடுத்துக்கொண்டது. போன் செய்து வாழ்த்தினேன். வாய் வாழ்த்தியது, வயிறு எரிந்தது. பேட் தட்டினவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று மாடிப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் புகைந்தேன். அப்புறம் எப்படியோ ஒரு ஆறுதல் கிடைத்தது. மெட்டு அவனுடையதா என்ன? நாளைக்கு நாலு பேர் முணுமுணுத்தாலும் கம்பெனி மெட்டைத்தானே முணுமுணுப்பார்கள்? வாத்தியத்தை யாராவது முணுமுணுக்க முடியுமா? அதைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் நிம்மதியாகவே இருந்தேன்.

என் மனைவி அந்த விளையாட்டை இறக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் சமையலறைக்குள் போனால், பால் காய்கிற நேரத்தில் அடுப்போரம் நின்று ஆட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். தலைவலி என்று சொல்லி, போனை வாங்கிச் சத்தத்தை அடியோடு குறைத்துக் கொடுத்தேன். அவள் போனை ஓரமாக வைத்துவிட்டு, பொங்கி வந்த பாலை இறக்கினாள். காபி கலந்துகொண்டே, விட்ட இடத்திலிருந்து மெட்டை முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும், கம்பெனி மெட்டுதானே என்று நின்றேன்.

ஆடு குதிக்கும் இடம் வந்தது. மெட்டை நிறுத்தி, உதட்டைக் குவித்து, "டொய்ங்" என்றாள்.