இருமுகிற இஞ்சினுக்கு இஞ்சி

மலேசியாவில், கூலிம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், நான் நீராவி இஞ்சின் செய்கிறவன். எல்லாம் கணினியில்தான். ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதோடு வருகிற இஞ்சின்கள் போதாதென்று, என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடுதல் இஞ்சின்களைச் செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றுவோம். ஒருமுறை நான் செய்த சரக்குப் பெட்டியை எவனோ அப்படியே தூக்கித் தன்னுடையது என்று போட்டுக்கொண்டான். அதிலிருந்து யார் பாராட்டினாலும் எனக்குச் சந்தேகம்தான்.

அதனால், எங்கள் கெடா மாநிலத்தில் ஒரு காலத்தில் ஓடிய கறுப்பு இஞ்சினை நான் வெளியிட்டதும் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, இவனும் திருடன்தான் என்று முடிவு கட்டினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். படம் கிடையாது. கொதிகலன் ஏன் இவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது, விசில் ஏன் இழுக்கிறது என்று நோண்டிக்கொண்டே இருந்தார். மழுப்பலாகவே பதில் போட்டேன். பிறகு மலாயில் ஒரே வரி வந்தது: "இஞ்சி தாக் ஜாலான் லா." இஞ்சி வேலை செய்யவில்லையாம். இஞ்சின் என்பதில் எழுத்துப் பிழை என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளும் கருவிக்கு இஞ்செக்டர் என்று பெயர். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது, பள்ளி நூலகத்து ஆங்கிலப் புத்தகத்தை அண்ணன் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்தச் சொல் என் காதில் இஞ்சி என்று விழுந்தது. இஞ்சின் இருமுகிறதல்லவா, அதனால் இஞ்சித் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அண்ணனே விளக்கமும் சொன்னார். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத இஞ்சி அது.

அந்த அண்ணன் என்னோடு பேசுவதில்லை. என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா என்று அவர் பெயர் முதலில் வந்திருக்க வேண்டும். நான் திருத்திக் கொடுத்த தாளில் இருந்தது. அச்சுக்கடையில் அந்த வரியே விடுபட்டுவிட்டது.

"கடக்காரன் மேல பழிய போடாத. நீதான் எடுக்கச் சொன்ன" என்றார் அண்ணன். கல்யாணத்துக்கே வராமல் பெண்டாங்கில் தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். சத்தியமாக நான் எடுக்கச் சொல்லவில்லை.

இப்போது எதற்கு வருகிறார்? வேவு பார்க்கவா? ஊரார் முன்னால் என் இஞ்சினில் குற்றம் கண்டுபிடிக்கவா? மனைவியிடம் புலம்பினேன். சந்தேகமாக இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள் லா, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே கொழுப்பு என்றாள். போன் போட்டு அது அவராக இல்லாவிட்டால்? அவராகவே இருந்தும் இல்லை என்றுவிட்டால்?

ஆகவே தூண்டில் போட்டேன். ஒரு இஞ்சினில் இஞ்செக்டர் இரண்டு உண்டு. எந்த இஞ்சி, இடதா வலதா என்று அப்பாவி போலக் கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

"இருமுறவனுக்கு ரெண்டும் வேணும்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் வார்த்தையை நம்பாத மனிதர், என் இஞ்சினை மட்டும் இத்தனை நாளாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

இரண்டு இஞ்செக்டரையும் பிரித்து மேய்ந்து சரிசெய்தேன். இஞ்சினைத் திறந்ததும் உதவியவர்கள் பெயர் வரும் இடம் ஒன்று உண்டு. அதில் முதல் வரியில் அண்ணனின் முழுப்பெயரை, முன்னெழுத்தோடு, எழுத்துக் கூட்டிப் பார்த்துப் போட்டேன். என் பெயரை அதற்குக் கீழே வைத்தேன். ஏற்றிய பிறகும், அந்த வரி விடுபட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். இந்த விஷயத்தில் என் மேலேயே எனக்கு நம்பிக்கையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புள்ளிக்காரரிடமிருந்து பதில் வந்தது.

"பேரு வந்துருச்சு. ஆனா இஞ்சி இன்னும் ஒழுகுது. நேர்ல வா, காட்டுறேன்."

உடனே இஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.