குழந்தையின் முதுகில் நீலம்

ஐந்து மாதம் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அதில் நாலு மாதத்துக்கும் மேலாக நான் அவளுக்குப் பயந்தே சீவித்தேன். களவெடுப்பாள் என்றோ, என் மனுசனை மயக்கிவிடுவாள் என்றோ பயமில்லை. இருபது வயதுப் பிள்ளை, கதவைக்கூடச் சத்தம் வராமல்தான் சாத்துவாள். என் பிள்ளைகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவாள் என்றுதான் பயந்தேன்.

ஊரில் யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நாங்கள் சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் இருந்தோம். எனக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, மனுசனுக்கு உணவகத்துக் குசினி. என் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். குழந்தைகள் காப்பகம் திறப்பதும் ஏழு மணிக்குத்தான். பின்னேர வேலை நாட்களில் அது மூடிய பிறகுதான் நான் வீடு திரும்புவேன். மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்பது மாதம். வேலையிடத்தில் ஒரு சுவிஸ்காரிதான் ஓ-பேர் பற்றிச் சொன்னாள். வேறு நாட்டிலிருந்து ஒரு இளம்பெண் வந்து வீட்டோடு தங்குவாள். பிள்ளைகளைப் பார்ப்பாள், மிச்ச நேரத்தில் ஜெர்மன் படிப்பாள், ஒரு வருடம் முடியப் போய்விடுவாள்.

மனுசன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்களே இந்த நாட்டில ஆரோ ஆக்களின்ர கோப்பை கழுவுறம். எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வேலைக்கோ? சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"வேலைக்காரி எண்டு ஆர் சொன்னது? வீட்டுப் பிள்ளை மாதிரி எண்டு பேப்பரில கிடக்கு. வாசிச்சுப் பாருங்கோ."

அவளுக்குத் தனி அறை கொடுக்க வேண்டும் என்றும் அந்தப் பேப்பரில் கிடந்தது. பிள்ளைகளின் அறையைக் கொடுத்தோம். அதில் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, அங்கே விளையாட்டுச் சாமான்கள்தான் படுத்திருந்தன. நாங்கள் நாலு பேரும் எப்போதும்போல ஒரே கட்டிலில்.

ஹங்கேரியிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு கொப்பியோடும் வந்தாள். புதுச் சொல் எதைக் கேட்டாலும் கொப்பியில் எழுதுவாள். மகனுக்கு இரண்டு நாளில் அவளைப் பிடித்துவிட்டது, சின்னவள் அவளுடைய தோளில் நித்திரையானாள். எங்களுக்கு இப்படியும் வாய்க்குமோ என்று கண் படாமல் நாவூறு கழித்தேன், பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவளுக்கும் சேர்த்து.

மூன்றாம் கிழமை ஒரு மாலை, சின்னவளைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். குழந்தையைத் திருப்பி, இடுப்புக்குக் கீழே விரலை வைத்தாள். பெரியதொரு நீலத் திட்டு. தோள்மூட்டில் இன்னொன்று சின்னதாக.

"இது என்ன?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போதே இருக்கிற நிறம்தான் அது. மகனுக்கும் இருந்தது, மூன்று வயதில் மங்கிப் போனது. எங்கள் வீடுகளில் அதற்கு யாரும் பெயர் வைத்துக் கதைத்ததில்லை. ஜெர்மனில் என்ன சொல்வது? "ஒன்றுமில்லை, தானாகப் போய்விடும்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அடிக்கிற ஆட்கள் சொல்வதும் அதைத்தானே.

முதியோர் இல்லத்தில் எங்களுக்கு முதல் நாளே படிப்பித்தது அது. ஒருவரின் உடம்பில் நீலம் கண்டால் அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும், மேலே சொல்ல வேண்டும். அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் இன்னும் கவனமாக எழுத வேண்டும். அந்த ஹங்கேரிப் பிள்ளையின் கண் எப்படிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் பார்ப்பேன். துவாயை இழுத்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகுமுன் ஐந்து மணிக்கே எழும்பிச் சின்னவளை நானே குளிக்கவார்த்தேன். பாவம், அரை நித்திரையில் கத்தும். கழுத்துவரை மூடிய உடுப்புப் போட்டுவிடுவேன், அது கோடைகாலம். "இனிமேல் குளிக்கவார்க்க வேண்டாம், நான் செய்வேன்" என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் என் பயத்தைக் கூட்டியது.

டொக்டரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஊசி போடுகிற நேரமெல்லாம் அவர் குழந்தையைப் பார்த்தவர்தான், ஒன்றும் சொன்னதில்லை. கவனிக்காமல் விட்டாரோ, நான் கேட்கப்போய்க் கவனித்துவிடுவாரோ என்று பயம்.

பயம் பிடித்தவளுக்கு வீட்டில் எதைப் பார்த்தாலும் குற்றமாகத் தெரிந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு நான் இன்னும் ஊட்டிவிடுகிறேன். ஒரே கட்டிலில் படுக்கிறோம். குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. எல்லாவற்றையும்விட, என் வாய். மகன் சாப்பிடாவிட்டால் "பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகும்" என்பேன், ஓடினால் "காலை முறிப்பன்" என்பேன். என் தாய் எனக்குச் சொன்னது, நான் அவனுக்குச் சொன்னேன், யாருடைய காலும் முறியவில்லை. ஆனால் இதை மொழி தெரியாத ஒருத்தி பக்கத்து அறையிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும்? ஆகவே ரகசியக் குரலில் ஏசத் தொடங்கினேன். மகன் பயந்துபோய் "அம்மாவுக்குத் தொண்டை நோவோ?" என்று தகப்பனிடம் கேட்டான்.

கோயிலில் ஒரு அக்கா, பிரசாதம் வாங்க நின்ற வரிசையில், யாரோ ஒரு குடும்பத்தின் கதை சொன்னார். "கிண்டர்கார்டனில பிள்ளை ஏதோ சொல்லிப்போட்டுதாம். அரசாங்கத்திலயிருந்து ரெண்டு பொம்பிளையள் வீட்டை வந்து நிண்டவையாம். பிள்ளையளைக் கொண்டுபோனால் பிறகு காட்டவும் மாட்டினமாம்." உண்மையோ பொய்யோ தெரியாது. கையில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலை நான் சாப்பிடாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அவளை அனுப்பிவிடுவம்" என்றார் மனுசன்.

"அனுப்பினால் போய்ச் சொல்லமாட்டாளோ?"

"அப்ப வச்சிருப்பம்."

"வச்சிருந்தால் எழுதமாட்டாளோ?"

அவர் எழும்பி வேலைக்குப் போனார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். அவள் மொழி வகுப்புக்குப் போயிருந்தாள், அறையில் கொப்பி கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். சொற்கள், சொற்கள், பிறகு ஒரு பக்கத்தில் ஒரு குழந்தையின் முதுகு. பென்சிலால் கீறி, இரண்டு இடத்தில் நீலம் தீட்டியிருந்தாள். பக்கத்தில் திகதி. அடுத்த பக்கத்தில் அதே படம், வேறு திகதி. மூன்றாவது பக்கத்திலும். எல்லாம் ஹங்கேரிய மொழியில் எழுதியிருந்தது, ஆனால் சென்ரிமீற்றருக்கு மொழி தேவையில்லை. நான் வேலையில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள். குழந்தைக்கு உடுப்பு மாற்றும்போது பார்த்திருப்பாள் போல. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய கட்டிலிலேயே இருந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே, சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடி சொன்னாள். குழந்தைகளின் நிறை, சுகம் பார்க்கிற ஆலோசனை நிலையத்துக்குப் போன் பண்ணினாளாம். அங்கிருந்து ஒரு தாதி வியாழக்கிழமை வீட்டுக்கு வருவாளாம். தன்னை மன்னிக்கச் சொன்னாள். நான் "நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல?

வியாழக்கிழமை லீவு எடுத்தேன். கன்னத்துப் பொட்டை அழித்தேன். பிள்ளைகளின் உடுப்பை ஒரு பையில் அடுக்கினேன், பிறகு அது பார்க்க எப்படி இருக்கும் என்று திரும்ப எடுத்து அலுமாரியில் வைத்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீட்டிகோனில் இருக்கிற அண்ணை வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றும் யோசித்தேன். மணி அடித்தது.

ஐம்பது வயது மதிக்கக்கூடிய பெண், மழைச் சட்டையோடு நின்றாள். மகன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, நன்றாகக் கேட்கும்படி சுவிஸ் ஜெர்மனில் கேட்டான்: "இவவோ பொலிஸ்?" கேட்காததுபோல நான் கதவை அகலத் திறந்து அவளை உள்ளே வரச்சொன்னேன்.

தாதி சின்னவளைப் பாயில் கிடத்தி, உடுப்பைக் கழற்றி, திருப்பிப் பார்த்தாள். அரை நிமிடம்கூட இருக்காது.

"ஓ, இதுவா" என்றாள். "பிறவி நிறம். ஆசியக் குழந்தைகளுக்கு இது சாதாரணம், இந்தத் தெருவிலேயே எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?" சின்னவளின் சுகாதாரப் புத்தகத்தை வாங்கி இரண்டு வரி எழுதினாள். பிறகு நிறுத்துப் பார்த்து, நல்ல நிறை என்று சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஓ-பேர்ப் பிள்ளை நிலத்தில் இருந்து விக்கி விக்கி அழுகிறாள். எனக்கு உள்ளே கோபம் பொங்கியது. என்னைப் படுத்தின பாட்டுக்கு இப்போது இவள் அழுகிறாளோ?

"நான் அடித்தேன் என்றுதானே நினைத்தீர்கள்?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "யார்?"

"நீங்கள். நான் குழந்தையை அடித்தேன் என்று. அதனால்தான் குளிக்கவார்க்க விடவில்லை. எனக்குத் தெரியாமல் மெதுவாகக் கதைத்தீர்கள். நான் வந்த மூன்றாம் கிழமையே அது இருந்தது, பிறகு பெரிதாகவில்லை என்று காட்டத்தான் அளந்து கீறி வைத்தேன். உங்களுக்குக் காட்டப் பயமாக இருந்தது."

நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் நீலம் கண்டால் எல்லாருக்கும் முதல் ஓடிப்போய் எழுதுபவள் நான்தான். ஒழுங்கானவள் என்று பாராட்டுவார்கள். ஒழுங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டால், அடுத்த ஆட்கள் வேலையைப் பொறுப்பெடுக்கிற நேரத்தில் எல்லாருடைய பார்வையும் முதலில் என்மேல்தான் விழும். அந்தப் பயத்தில் எழுதுகிறேன். அவளுடைய மூன்று பக்கங்களைப் பார்த்தபோது இது என் புத்திக்கு எட்டவே இல்லை.

என் பயத்தையும் சொன்னேன், உடைந்த ஜெர்மனில், கோயில் அக்காவின் கதை உட்பட. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். சின்னவள் உடுப்பில்லாமல் எங்களுக்கு நடுவே தவழ்ந்து திரிந்தாள்.

"இனி எல்லாம் சரிதானே, இருந்துவிட்டுப் போ" என்றேன்.

இல்லையென்று தலையை ஆட்டினாள். தன்னை அனுப்பிய ஏஜென்சிக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாளாம். ஜெனீவாப் பக்கம் ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது, பிரெஞ்சு முதலிலிருந்து படிக்க வேண்டும். பிழை செய்தவள் என்று பெயர் வராமல் போகத்தான், போகுமுன் தாதியைக் கூப்பிட்டாளாம்.

"நாங்கள் கூடாத ஆட்கள் இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஆனால் இந்த வீட்டில் நான் ஒவ்வொரு நாளும் பயந்தேன்."

சனிக்கிழமை மனுசன் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார், மகனும் போனான். என்னையும் வரச்சொல்லிக் கேட்டார்கள். குழந்தை நித்திரை என்று சொல்லி நின்றுவிட்டேன். குழந்தை முழித்துத்தான் இருந்தது. எனக்குத்தான் போய் நிற்க முகமில்லை.