காலால் நீவிவிட்டேன்

மலர்க்கொடியின் காலைக் கெடுத்தது நான்தான். தெரியாமல் அல்ல... தெரிந்தே, என் காலால் அழுத்திக் கெடுத்தேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னைத் திட்டுங்கள், காறித் துப்புங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்பது நைனார்பாளையம் பக்கம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கரும்பு வெட்டப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பாவாடை கட்டிய வயதிலேயே பெரியவர்கள் முதுகில் கால் வைத்தவள் நான். கர்வம் வராமல் இருக்குமா?

மலர்க்கொடி என்னோடு படித்தவள். போலீஸ் வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம், எழுத்துத் தேர்வில் தேறினோம், ஓட்டம்தான் பாக்கி. விடிந்ததும் ஏரிக்கரையில் சேர்ந்து ஓடுவோம். எங்களுக்குக் கிணறும் நிலமும் உண்டு. எனக்குப் புது ஷூ வந்தது. அவள் அப்பா கூலிக்குப் போகிறவர். அவள் அண்ணனின் பழைய கேன்வாஸ் ஷூவில் துணியைத் திணித்துக்கொண்டு ஓடினாள். ஆனாலும் நான் தினமும் பார்த்தது அவள் முதுகைத்தான்! எதிரே கல்வராயன் மலை அவ்வளவு அழகாகத் தெரியும். எனக்கு அவளுடைய பின்னல் ஆடுவது மட்டுமே தெரிந்தது.

முதலில் அடிபட்டது எனக்கு. உடம்பைத் தயார் செய்யாமல் அவளை முந்தப் பாய்ந்தேன். தொடையின் பின்பக்கம் சுரீர் என்றது. என் தொடையை என் காலாலேயே நீவிக்கொள்ள முடியாதே! அப்பா கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார்.

"தசை லேசா கிழிஞ்சிருக்குது. ஐஸ் வைம்மா, ரெஸ்ட் எடு. தேய்க்காத, நீவாத. அப்பிடி செஞ்சா கிழிசல் ஜாஸ்தியாயிடும். வலி நின்னப்புறம் நடந்து பாரு, அப்புறமா ஓடலாம்."

அப்படியே செய்தேன். ஏரிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துணியில் ஐஸைக் கட்டி வைத்துக்கொண்டு, அவள் ஓடுவதைப் பார்த்தேன். அவள் மூச்சு வாங்க என் அருகில் வந்து உட்காருவாள். "சீக்கிரம் வாடி, தனியா ஓட புடிக்கல" என்பாள். எனக்கோ அவளைப் பிடித்துத் தள்ளிவிடத் தோன்றும். அவள் என்ன தவறு செய்தாள்? வேகமாக ஓடினாள்... அது போதாதா!

என் கால் தேறியது. மறுபடி ஓடினேன்; மறுபடி அவள் முதுகு.

ஓட்டத் தேர்வு நெருங்கிய வாரம் அவளுக்கும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"உனக்கு வந்த அதே வலிதான்டி. டாக்டராண்ட போவணுமா, நீ நீவி வுட்டாலே சரியாயிடுமா? நீ சொல்றதுதான்."

டாக்டர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் நினைவில் இருந்தது. 'தேய்க்காதே, ஐஸ் வை' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"படு" என்றேன்.

படுத்தாள். வழக்கமாகப் பாதத்தால் மேலாகத் தடவித்தான் விடுவேன். அன்று குதிகாலை வைத்து அழுத்தினேன். துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, "வலிச்சாதான சரியாவும்" என்று முனகினாள். மறுநாளும் வரச் சொன்னேன். வந்தாள்! அவள் கொஞ்சம் பின்தங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று என்னையே பல காலம் ஏமாற்றியிருக்கிறேன். பொய்... அவள் ஓடவே கூடாது என்றுதான் நினைத்தேன்.

தேர்வில் பாதிச் சுற்றிலேயே அவள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் முதல்முறையாக அவளைத் தாண்டினேன். தாண்டும்போது அவள் கத்தினாள்: "வுடாத, ஓடுடி!"

ஓடினேன். வேலை கிடைத்தது.

அவளுடைய கால் அதன்பிறகு வேகத்துக்கு ஒத்துவரவில்லை. இப்போது சின்னசேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துப் போடுகிறாள்.

போன பொங்கலுக்கு விடுப்பில் வந்தேன். அவள் தன் அத்தையோடு வந்து நின்றாள்.

"அத்தைக்கு முதுகு புடிச்சிக்கினு கீதுடி. நீ காலு வெச்சா போயிடும்னு இட்டாந்தேன்."

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை வுட்டுப் போச்சுடி."

"எனக்கு இருக்குதே!" என்று சிரித்தாள். "அன்னிக்கு நீ நீவி வுடலன்னா அந்தப் பாதி தூரம்கூட ஓடியிருப்பனா நானு?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்... என்ன வந்தது தெரியுமா? "பாயை எடுத்துப் போடு."

அத்தை குப்புறப் படுத்தார். நான் அவர் முதுகில் கால் வைத்தேன். நான் விழுந்துவிடாமல் இருக்க மலர்க்கொடி தன் தோளைக் கொடுத்தாள். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. ஒருவரை இப்படி நம்ப அவளால் முடிகிறதே!