பௌர்ணமியன்று ஒரு மாற்றம்

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் மாற்றங்களுக்குப் பொறுப்பான அன்வர் பாஷாவின் படிவம் வேண்டும். என்ன மாற்றம், எப்போது, கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது, எல்லாம் எழுதி இயக்குநரின் கையெழுத்து வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ கேட்காமல் கைவைத்து ஒரு வகுப்பின் மதிப்பெண் முழுக்க அழிந்ததைப் பார்த்தவர். அதிலிருந்து பதினெட்டு வருடமாக மனுஷன் இதில் ஒரே பிடிவாதம்.

பௌர்ணமியன்று எந்த மாற்றமும் கூடாது என்பதும் அவர் வைத்த விதிதான். ஊரில் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடினால் டவர் திணறும், போன் வேலை செய்யாது. காரணம் அவ்வளவுதான். ஆனாலும் ஆபீஸில் கேலி: “பாய் பஞ்சாங்கம் பாத்துத்தான் தேதி குடுப்பாரு.”

புது இயக்குநர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். “என்ன பாய், ஜோசியம் பாக்குறீங்களா?”

மாணவர்கள் இணையதளத்துக்குள் நுழைய இனி போனுக்கு ஓடிபி வரும். அந்த மாற்றத்தைப் பௌர்ணமியன்று காலையே செய்யச் சொன்னார் இயக்குநர். தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் அன்றுதான் கடைசி நாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்வருக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி மனுஷன். படிவத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

பௌர்ணமியன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் டவர் திணறி ஓடிபி வருவது நின்றது. இறுதியாண்டு மாணவி கவியா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“இந்த ஒரு பேப்பர் எழுதினாத்தான் சார் எனக்கு வேலை. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்களாம்.”

“ஊம்னு சொல்லுங்க பாய், பத்து நிமிஷத்துல பழையபடி மாத்திடறேன்,” என்றான் பொறியாளர் குமரேசன்.

“பழையபடி மாத்துறதுக்கும் தனிப் படிவம் இருக்கே. டைரக்டர் கையெழுத்து இல்லாம எப்படிப்பா?”

இயக்குநரோ குடும்பத்தோடு கிரிவலம் போயிருந்தார். அவருடைய போன் தொடர்பு எல்லைக்கு அப்பால். அன்வர் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். குமரேசன் கெஞ்சிப் பார்த்தான். அந்தப் பெண் கண்ணெதிரே நின்றாள். அவர் தலையை ஆட்டியிருந்தால் போதும். படிவம் இல்லாமல் ஒரு மாற்றமும் செய்ததில்லை என்கிற பாழாய்ப்போன பெருமை தலையை அசைய விடவில்லை.

ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடியது. தேர்வுப் பிரிவில் ஒரு நிமிடம்கூட நீட்ட முடியாது என்றுவிட்டார்கள்.

ஐந்தரைக்குக் கவியாவின் போன் விடாமல் கிணுகிணுத்தது. கேட்டிருந்த பதினொரு ஓடிபியும் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் அழவில்லை. போனை அன்வரின் மேசைமேல் வைத்தாள்.

“வந்துடுச்சு சார்,” என்றாள்.