சும்மா இருக்காத மைனியும் சூடாகும் டிரையரும்

டிரையரின் கதவில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் மைனி. அண்ணனின் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்றுதான் கூப்பிடுவோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் அந்த இயந்திரத்தைத் தொடுவார். அடுக்களைக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய இடத்தில் அந்த வெள்ளைப் பெட்டி துணிகளை உருட்டிக் கொண்டிருக்கும். மேலே ஆடி மாதத்து மழை தகரத்தைப் போட்டு அடிக்கும். நான் போய் நின்றால் பேசாதே என்று விரலைக் காட்டுவார். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்து, "கூடுது மக்கா" என்பார். சூடு கூடுகிறதாம். கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் என்னவோ தெளிந்திருக்கும். அது சந்தோஷம் என்று எனக்குப் புரிய அந்த மழைக்காலம் முழுவதும் ஆகிவிட்டது.

பதினாறு வருடம் கல்ஃபில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர் அவர். வருடத்துக்கு ஒரு முறை லீவு. அதுவும் கல்யாணம், வீடு பால்காய்ச்சு, சபைக் கூட்டம் என்று பறந்துவிடும். அண்ணனுக்குக் கேரள எல்லையில் பாறசாலையில் ஹார்டுவேர் கடை. ஒற்றை மகளுக்குத் தலை பின்னி, சோறு கட்டி, தானே மீன் வெட்டிக் குழம்பு வைத்து வளர்த்தவர் அண்ணன்தான். மகள் பெங்களூருக்குப் படிக்கப் போனதும் மைனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். கார்கோவில் வந்த பெட்டிகளில் இந்த டிரையரும் ஒன்று. அண்ணன் அன்று முதல் கடையைச் சீக்கிரம் பூட்ட ஆரம்பித்தார். இஸ்திரி போட்ட சட்டையைத் தவிர வேறு எதுவும் போடவில்லை. நான் அடுத்த மனையில்தான் இருக்கிறேன். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில், புது மாப்பிள்ளைக்குச் சுகந்தானா என்று கேட்பேன். அண்ணன் மீசைக்குள் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மைனிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சோபாவில் உட்கார்ந்தாலும் நுனியில்தான் உட்காருவார். எங்கோ மணி அடிக்கப் போகிறது, எழுந்து ஓட வேண்டும் என்பது போல ஒரு இருப்பு. காலையில் நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, மல்லியிலை மறந்துவிட்டது என்று மறுபடியும் பஸ் ஏறுவார். வேண்டுமென்றேதான் மறக்கிறார் என்று எனக்குத் தோன்றும். ஒரு நாள் அண்ணனின் கடைக்குப் போய் எல்லா ஸ்க்ரூவையும் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டார். பிறகு ஒரு வாரம் அண்ணனுக்கு எந்த ஸ்க்ரூ எங்கே என்று தெரியாமல் திண்டாட்டம். வீட்டில் இருந்த துணியெல்லாம் காய்ந்து முடிந்ததும் திரைச்சீலைகளை இறக்கித் துவைத்தார். எங்கள் வீட்டு அசைக் கயிற்றில் ஈரமாகக் கிடந்த உடுப்புகளையும் சொல்லாமல் உருவிக்கொண்டு போனார். கடைசியில் கோட்டுகால் பக்கம் ஒரு எண்ணெய் தேய்ப்பு நிலையத்தில் பேசி, அங்கே வருகிறவர்களின் உடம்பைத் துடைக்கிற துண்டுகளைத் துவைத்துக் காயவைத்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டார். ஆட்டோவில் சாக்குச் சாக்காக வந்து இறங்கியது. அண்ணனுக்கு ஊரார் என்ன சொல்வார்களோ என்று கொஞ்சம் கூச்சம். ஆனாலும் அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் டிரையர் சூடாக ஆரம்பித்தது. பாதியில் தானாக நின்றுவிடும். கதவைத் திறந்தால் துண்டு இன்னும் ஈரம், பெட்டியோ அடுப்பு போலக் கொதிக்கும். கரிந்த ஒரு மணம் அடுக்களை வரைக்கும் வரும். சூடு மிஞ்சினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிற பாதுகாப்பு அதற்குள்ளே இருக்கிறது, ஆறியதும் மறுபடி ஓடும் என்று மைனி சொன்னார். அன்றிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். காலையில் எழுந்து நேராக டிரையரிடம் போவார். எவ்வளவு நேரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் முதலில் சுடுகிறது, மணம் முதலில் வருகிறதா நின்ற பிறகு வருகிறதா என்று ஒன்றுவிடாமல் சொல்வார். என்னைக் கண்டால் தேநீர் தருவதற்கு முன்னால் அதன் நிலைமையைச் சொல்வார். நான் வக்கீல் ஆபீஸில் வாய்தா வாங்குகிறவர்களின் கதை கேட்டுக் களைத்து வருகிறவள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு பெட்டி சுடுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இருக்கும்.

ஒரு நாள் அண்ணன் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஆணி எடைபோட்டுக் கொண்டிருந்தவர் ஆள் போகும்வரை காத்திருந்தார். மைனி சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து போகிறாள், இரண்டு வார்த்தை பேச முடியவில்லை என்றார். திரும்பிப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டார். அண்ணன் அப்படி மனம் திறந்து நான் பார்த்ததே இல்லை. "அந்த மெஷினு அவளுக்க மனச அலைக்கழிக்குது, கேட்டியா. அத ஒண்ணு சரியாக்கிக் குடு. பின்ன அவ இருப்பா," என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டிரையரைச் சரிசெய்வது என்பது அன்றிலிருந்து என்னுடைய வழக்காகிவிட்டது.

முதலில் அகப்பட்டது அண்ணனின் கைவேலைதான். சூடான காற்று வெளியே போகச் சுவரில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பாம்பும் பெருச்சாளியும் அதன் வழியே வந்துவிடும் என்று அண்ணன் தன் கடையிலிருந்தே கொசு வலை கொண்டுவந்து வாயை இறுக்கக் கட்டியிருந்தார். அந்த வலையில் துணியின் பஞ்சுத் தூசி படிந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. பிரித்து எறிந்தோம். இரண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடியும் சுட்டது. அடுத்து நெய்யாற்றின்கரையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று மலையாளத்தில் அடித்துச் சொல்லி, புதிது மாட்டினார். அதுவும் சுட்டது. கரண்டு கூடிக் குறைகிறது என்று மறுமுறை சொன்னார். அதற்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். சூடு மட்டும் குறையவில்லை. மெக்கானிக் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். மைனியோ சலிக்கவே இல்லை. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அடுத்து எதைப் பார்க்கலாம் என்று தயாராக இருந்தார். அந்த நாட்களில் அவர் பாடிக்கொண்டே துவைத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, பொறுக்க முடியாமல் நானே டிரையரின் ஃபில்டரை உருவிக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். தூசி பிடிக்கிற சின்ன வலை அது. ஒவ்வொரு முறையும் மைனி பஞ்சை வழித்து எறிந்துவிடுவதால் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. குழாயைத் திறந்து நீட்டினேன். வலை வழியே தண்ணீர் ஒழுகவில்லை. தட்டில் நிற்பது போலத் தேங்கி நின்றது. மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் வலையைத் தடவி, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். நல்லெண்ணெய் மணம். எவ்வளவு துவைத்தாலும் துண்டில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சுகிறது, சூட்டில் அது ஆவியோடு எழுந்து வலையில் படிகிறது, காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி வேகிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, காலையில் காயவைத்துக் கூடையில் குவித்திருந்த துண்டுகளுக்குள் கையை நுழைத்தார். உடனே இழுத்துக்கொண்டார். டிரையரை நிறுத்தி எவ்வளவோ நேரமாகியும் குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு. இருவருமாகத் துண்டுகளைத் தரையில் பரப்பிப் போட்டோம். "இது இப்பிடியே குவிஞ்சு கெடந்தா தன்னால தீ பிடிச்சிரும் மக்கா," என்றார். அன்றே அந்த நிலையத்துக்குப் போன் செய்து, இனி துண்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வலையைச் சோப்புப் பொடி போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தோம். சூடான காற்றுப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு அண்ணன் புதிது மாட்டினார். படுக்கை விரிப்புகளைப் போட்டு ஓடவிட்டோம். நடுவில் நிற்காமல், மணம் வராமல், கடைசி வரைக்கும் ஓடி முடித்தது. மைனி புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இனி இதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அண்ணன் அன்று நெய்மீன் வாங்கிவந்து தானே பொரித்தார். நான் வழக்கை ஜெயித்த கெத்தில் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன். மைனி சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அண்ணன் அதை என்னிடம் கண்ணால் காட்டினார்.

அடுத்த வாரம் மழை விட்ட ஒரு காலையில் மைனி என்னைத் தேடி வந்தார். நான் அசையில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள், சம்மதம் சொல்லிவிட்டேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே எறிந்தேன். அண்ணன் ஒரு மனுசன் இல்லையா, அவர் இத்தனை வருடம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா என்று கேட்டேன். மைனி பதிலுக்குக் கோபப்படவில்லை. "அவரு நல்ல மனுசன் ஆக்கும். எனக்குத்தான் ஒரு எடத்துல சீக்கு இல்லேன்னா அங்க நிக்கத் தெரியாது மக்கா. நீ அந்த மெஷின சரியாக்கினதும் எனக்கு இஞ்ச சோலி தீந்து போச்சு," என்றார். அவரைப் பிடித்து வைத்திருந்த ஒரே கயிற்றை அவிழ்த்துவிட்டது நானும் அண்ணனும்தான். விமான நிலையத்திலிருந்து அண்ணன் தனியாகத் திரும்பி வந்து, இஸ்திரிச் சட்டையைக் கழற்றிவிட்டு மீன் வெட்ட உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்து வந்ததும் வீடியோவில் பேசுகிறார்கள். பிரஷர் மாத்திரை போட்டாச்சா, மகள் கூப்பிட்டாளா, அங்கே சூடா, இங்கே மழையா. அதோடு பேச்சு வற்றிவிடும். பிறகு இரண்டு பேரும் மாறி மாறித் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். நான் என் துணிகளை அண்ணன் வீட்டு டிரையரில்தான் காயவைக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு வற்றிய இடத்தில் மைனி சும்மா கேட்டார், மெஷின் எப்படி இருக்கிறது என்று. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஓடுது. கொஞ்சம் சூடு உண்டு," என்றார்.

அன்று காலையில்தான் அதிலிருந்து என் விரிப்புகளை மடித்து எடுத்திருந்தேன். மைனி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வது போனில் தெரிந்தது. எப்போதிலிருந்து, மணம் வருகிறதா, பாதியில் நிற்கிறதா, வலையில் தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனார். சபைக் கமிட்டியில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு பொய் சொல்லிக் கேட்டிராத அண்ணன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக ஒரு பொய் சொன்னார். அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில் மைனி, "நீங்க யாரும் அதத் தொடண்டாம். லீவு கேட்டிட்டு நான் வாறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தார். அண்ணன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். எழுந்து அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.