மொட்டைக் கோபுரத்தின் ஒற்றைக் கண்

எங்கள் ஊரில் கொள்ளிடக் கரைமேல் ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. இரண்டு மாடி உயரம் இருக்கும். உள்ளே ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய சுருள் படி. பாலம் வருவதற்கு முன்னால் அங்கேதான் தோணித்துறை இருந்தது. பொழுது சாய்ந்தபின் ஆற்றைக் கடந்து திரும்பும் தோணிக்குக் கரை தெரிய வேண்டும் என்பதற்காகக் கோபுரத்தின் உச்சியில் விளக்கு வைப்பார்கள். கடலே இல்லாத அரியலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்த கலங்கரை விளக்கம் அவ்வளவுதான். அதைக் கட்டியது உடையார்பாளையம் ஜமீன் என்று ஊரில் ஒரு கட்சி. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வரும் ஜனங்களுக்காகப் பாதிரிமார் கட்டியது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிடமும் ஆதாரம் கிடையாது, அதனால் சண்டைக்கு மட்டும் குறைவில்லை.

இந்த ஊரில் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான், ஒரு சன்னல்கூட இருக்காது. ஆனால் நான் பிறந்த ஊரில் அதே கோபுரத்தை ஒத்தக்கண்ணன் என்பார்கள். நான் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோபுரத்துக்கு நேர் எதிரே.

எங்கள் அப்பா வாழையிலைக் கட்டுகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து விற்றுவிட்டுக் கடைசித் தோணியில் வீடு திரும்புவார். தோணிக்காரர் இந்தக் கரைக்காரர். கடைசி நடையை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் இருட்டில் திரும்பியாக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே விளக்கை ஏற்றிவிடுவார். எங்கள் கரையிலிருந்து பார்க்கும்போது ஒத்தக்கண்ணன் கண் விழித்தால் அப்பா தோணி ஏறிவிட்டார் என்று அர்த்தம். நானும் அண்ணனும் சாயங்காலமானால் படுகையில் போய் உட்கார்ந்துகொள்வோம். யார் முதலில் வெளிச்சத்தைப் பார்க்கிறோமோ அவர் வீட்டுக்கு ஓடி, "உலை வைம்மா" என்று கத்த வேண்டும். அம்மா அப்போதுதான் அரிசி களைவார். சோறு வடிப்பதற்கும் அப்பா வாசலில் கால் கழுவுவதற்கும் சரியாக இருக்கும்.

அண்ணனுக்கு என்னைவிட ஆறு வயது கூட. ஆனாலும் பெரும்பாலும் நான்தான் முதலில் பார்ப்பேன், நான்தான் ஓடுவேன். எனக்குக் கண் கூர்மை என்று வெகு காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்த பிறகுதான் அண்ணி ஒரு நாள் உளறிவிட்டார். அண்ணன் தினமும் முதலில் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாராம், நான் பார்க்கட்டும் என்று.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்குள் தூரத்தில் பாலம் வந்து, தோணி நின்றுவிட்டது. கோபுரத்துக்குள் வௌவால் அடைகிறது என்று யாரோ ஆற்றுப் பக்கத்துச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சன்னல் இருந்த இடமே தெரியாதபடி கோபுரத்தைச் சுற்றிச் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். பூசிய இடத்தில் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு சின்னம் வரைந்தார்கள். பிறந்த வீடு கண்ணுக்கெதிரே தெரியும். போய்ச்சேர வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இன்னமும் அக்கரைக்காரிதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில் கோபுரத்தில் முளைத்திருந்த அரசங்கன்று வேரோடு ஒரு செங்கல் பாளத்தைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. கீழே நின்றிருந்த ஒரு மொபெட்டின் சீட்டு போனது. ஆளுக்குச் சேதமில்லை. ஊர் கூடி, இடித்துவிடலாம் என்று பேசியது. என் வீட்டுக்காரர் கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் ஏறியே வாழ்நாளைக் கழித்தவர், ஏறுவதற்கு ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, "இடிக்கணும்னா எல்லாரும் வருவீங்க. சரி பண்ணணும்னா ஒருத்தரு வருவீங்களா?" என்று கேட்டார். "நீங்களே பண்ணுங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது. இப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை, வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஜமீன் கட்சி, பாதிரி கட்சி இரண்டும் வந்தன. குன்னத்துப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரைத் தேடிப் பிடித்தார். கொத்தனார் ஒரு பெண். அவருடைய அம்மா வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர். இவர் சித்தாளாகச் சேர்ந்து, கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது பழைய கோயில் மதில்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூச ஊர் ஊராகப் போகிறார். முதல் நாள் சாரத்தடியில் நின்றிருந்தவரிடம் எங்கள் ஊர் ஆண்கள், "கொத்தனாரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்கள். "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சிமெண்டு கூடவே கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. பழைய செங்கலுக்குச் சிமெண்டு பூசினால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் உளுத்துப்போகும், சுண்ணாம்புதான் வேண்டும் என்றார். தடுக்கி விழுந்தால் சிமெண்டு ஆலையில் விழும் அரியலூர் ஜில்லாவில் நின்றுகொண்டு சிமெண்டு வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? கரைமேல் போகிற லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, "ரெண்டு மூட்டை எறக்கவா அக்கா?" என்று எங்களைக் கேலி பண்ணினார்கள். நாங்கள் குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றினோம், கடுக்காய் ஊறப்போட்டோம், வெல்லம் கரைத்து ஊற்றினோம். வெல்ல வாசனைக்கு ஊரிலுள்ள எறும்பெல்லாம் வந்து சேர்ந்தது. ஏலாக்குறிச்சிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ விசேஷத்துக்குப் பாயசம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சன்னல் பேச்சு வரும்வரைக்கும்.

அதற்கு முன், அக்கரையில் பிறந்த வீட்டிலேயே இருக்கும் அண்ணனின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை இரண்டு ஓரத்திலிருந்தும் அடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் எத்தனை மாதத்துக்கு என்று சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணன் வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்டார். கோபுரத்தில் வேலை நடப்பதைப் போனில் சொன்னேன். "ஒத்தக்கண்ணனுக்கு வெளக்கு வப்பாங்களா புள்ள?" என்று கேட்டார். "நேரா இருக்கற வெளிச்சம்னா எனக்குத் தெரியும். வக்கிறதுன்னா சீக்கிரம் வக்கச் சொல்லு." அன்றைக்கு அரைத்த மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் திட்டம் வேறாக இருந்தது. "ரோட்டுப் பக்கம் ஒரு சன்னலைத் தொறந்து உள்ள பல்பு போடுவோம். பஸ்ஸுல போறவங்க எல்லாரும் பாப்பாங்க" என்றார்.

"ஆத்துப் பக்கந்தாங்க கண்ணு இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"ஆத்துல இப்ப யாரு போறா? கொக்குதான் போவுது. அதுக்கா வெளக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கரைக்காரி அந்த ஊர்ப் பெருமையைத்தான் பேசுவாள் என்று ஒருவர் சொன்னார். இந்த ஊரில் விளக்கு எரிந்த காலத்து ஆட்களும் இருந்தார்கள். ஆனால் சன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். அண்ணனுக்காகத்தான் கேட்கிறேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் தனியாகச் சொன்னேன். "மச்சானுக்கு வேணும்னா நான் போயி கூட்டிட்டு வரேன், ரோட்டுல நின்னு பாக்கட்டும்" என்றார். அந்தப் படுகையில் உட்கார்ந்து பார்ப்பதும் ரோட்டில் நின்று பார்ப்பதும் ஒன்றா? எனக்கு வந்த கோபத்துக்கு நான்கு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சு மட்டும் போடவில்லை.

ஐந்தாம் நாள் சாரத்தின் மேலிருந்து கொத்தனார் கூப்பிட்டார். "அக்கா, கொஞ்சம் மேல வாங்க." முட்டிவலியோடு அந்தச் சுருள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஆற்றுப் பக்கத்துச் சிமெண்டைக் கொத்தி எடுத்து, அடைத்திருந்த செங்கல்லையும் பாதி உருவியிருந்தார். வளைவாக ஒரு சன்னல் தெரிந்தது. வளைவின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு. நான் விரலால் தொட்டேன், கரி ஒட்டிக்கொண்டது. அப்பா தோணி ஏறிய சாயங்காலங்களின் கரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரரும் ஏறி வந்தார். கொத்தனார் அவரிடம், "இந்த ஒரு பக்கந்தாங்க சன்னல். மத்த மூணு செவுத்துலயும் அடையாளமே இல்ல. ரோட்டுப் பக்கம் ஒடச்சீங்கன்னா மேல் பாரம் நிக்காது, நான் ஒடைக்கவும் மாட்டேன்" என்றார். இவர் கரியை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். தோற்றதை வாயால் ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மறுநாள் காலையில் பார்த்தால் வயரை ஆற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

கோடையில் ஒரு சாயங்காலம் விளக்கேற்ற ஏற்பாடானது. ரோட்டோரம் பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் வந்தன. அண்ணன் மகன் அவரைப் பைக்கில் படுகைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டதாகப் போனில் சொன்னான். மங்கலாகி வருகிற நேரம். ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்க, என் வீட்டுக்காரர் கோபுரத்து வாசலில் நின்று சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

"கரண்டு இல்லியா?" என்றார் ஒருவர். "பல்பு பியூசா?" என்றார் இன்னொருவர். இவர் முகம் சிறுத்துப்போய் மேலே ஓடினார், இறங்கி வந்தார். "எரியுதுய்யா, நல்லாத்தான் எரியுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை போட்டு அந்தக் கண்ணைத் திறக்க வைத்தவளே நான்தான். ஆனால் அது ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கிறது, நாங்களோ ஊரோடு அதன் முதுகுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது எனக்கும் தோன்றவில்லை. எதிர்க் கரையிலிருந்தே பார்த்துப் பழகியவள், எங்கிருந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன். "அக்கரைக்காரி பேச்சைக் கேட்டா இப்புடித்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவமானத்திலும் சிரிப்பு வந்தது.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"தெரியுதா அண்ணே?"

"தெரியுது புள்ள. நல்லாத் தெரியுது."

சட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காகச் சின்ன வயசிலேயே பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நடித்தவர், இப்போது பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டாரா? போனைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்காரரிடம், "ஏங்க, சத்தம் காட்டாம அணைங்களேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அணைத்தார்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏ புள்ள, என்னாச்சு? அணைஞ்சுடுச்சே."

அண்ணனுக்கு நிஜமாகவே தெரிகிறது. வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கி, "ஒண்ணுமில்ல மச்சான், லூஸ் கனெக்‌ஷன். இந்தா போட்டுட்டேன்" என்றார். தன் கையால் செய்த வேலையில் லூஸ் கனெக்‌ஷன் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "அக்கரையில தெரியுதாம். நமக்கும் பாக்கணும்னா எல்லாரும் ஆத்துல எறங்குங்க."

கோடை என்பதால் கொள்ளிடத்தில் நடுவில் மட்டும்தான் கொஞ்சம் தண்ணீர் ஓடியது, மற்றதெல்லாம் மணல். முதலில் பிள்ளைகள் இறங்கினார்கள், பிறகு கொத்தனார், பிறகு ஜமீன் கட்சியும் பாதிரி கட்சியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி ஆறு வரைக்கும் நடந்து போய் எல்லோரும் திரும்பினோம். இருட்டுகிற வானத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு கண், நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் கூவினார்கள். நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து அண்ணன், "என்ன புள்ள, ஆத்துக்குள்ள ஒரே ஆள் சத்தமா கேக்குது?" என்றார்.

"ஊரே ஆத்துல எறங்கி நிக்கிது அண்ணே."

"அத்தனை பேருமா வராங்க?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒங்க அண்ணிகிட்ட பெரிய பானையில உலை வக்கச் சொல்றேன்."